விற்பவர் சொல் சாட்சியாகுமா?



உரிமை கோருபவர் தம் வழக்குக்குத் தாமே சாட்சியாக முடியாது என்பது, ஃபிக்ஹுப் பாடத்தில் மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் விளக்கிவரும் செய்தி. அந்தப் பாடத்தை நானே மறந்துபோன கதை ஒன்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன். நம் வீடுகள் பலவற்றின் வாசலில் இப்போது பேட்டரி வண்டி நிற்கிறது. ஆகவே இது என் வீட்டோடு முடிகிற கதை அன்று.

சென்ற ஆண்டு என் மகன் பத்தாம் வகுப்பில் இருந்தான், வயது 15. பள்ளி எங்கள் தெருவிலிருந்து நான்கு கிலோமீட்டர். மாலையில் தனி வகுப்பு முடிந்து பேருந்துக்குக் காத்திருந்து அவன் வீடு சேர்வதற்குள் மஃரிப் கடந்துவிடும். தாயின் மனம் பொறுக்குமா? என் மனைவி தாம் கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். மின் ஸ்கூட்டர் ஒன்றைப் பார்க்கச் சென்றேன். “ஹஜ்ரத், இதற்கு உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், காப்பீடு வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளே ஓட்டலாம்” என்றார் கடைக்காரர். அந்த மூன்று ‘வேண்டாம்’களும் காதுக்கு இனிமையாக இருந்தன. நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்க விரும்பவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்ற அச்சம்.

இரண்டு மாதங்கள் கழிந்தன. என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர், இப்போது சட்டம் பயில்பவர், பெருநாளன்று என்னைக் காண வந்தார். வாசலில் நின்ற வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதற்குச் சோதனைச் சான்று வாங்கினீர்களா, ஹஜ்ரத்?” என்று பணிவாகக் கேட்டார். நான் விழித்தேன். அதன்பின் அவர் ஆசிரியரானார், நான் மாணவனானேன்.

அவர் விளக்கியது இதுதான். மோட்டார் பொருத்திய வண்டி சாலையில் ஓட வேண்டுமானால் பதிவு, உரிமம், காப்பீடு மூன்றும் வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன்கீழ் 1989இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகள் பேட்டரி வண்டிகளுக்கு ஒரு விலக்குத் தருகின்றன. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. இரண்டும் உண்டென்று அரசு ஏற்ற சோதனை நிலையம் ஆய்ந்து சான்றளித்திருக்கவும் வேண்டும். புனேயிலும், மானேசரிலும், சென்னையை அடுத்த ஒரகடத்திலும் அத்தகைய நிலையங்கள் உள்ளன. மிதிக்கும்போது மோட்டார் துணைசெய்யும் சைக்கிளுக்கும் அதே 250 வாட் வரம்புதான். வேகம் 25 கிலோமீட்டரை எட்டும்போதோ, மிதிப்பதை நிறுத்தும்போதோ அதன் மோட்டார் ஓய்ந்துவிட வேண்டும். இந்த வரம்பைத் தாண்டிய வண்டி, புகை விடாவிட்டாலும் ஓசை எழுப்பாவிட்டாலும், சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே. 2018 முதல் அத்தகைய மின் வாகனங்களுக்குப் பச்சை நிற எண் பலகை வழங்கப்படுகிறது.

அன்று அஸருக்குப் பின் வண்டியைச் சாய்த்து மோட்டாரின் மீதிருந்த எழுத்துகளைப் படித்தேன். 800 வாட்! மறுநாள் மகனை முன்னே போகவிட்டு என் பழைய மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். என் வண்டியின் முள் 40ஐத் தாண்டியது. வீடு திரும்பியதும் அவனை அருகில் அமர்த்திக் கேட்டேன். தலை கவிழ்ந்தபடி, “அத்தா, இருக்கைக்கு அடியில் ஒரு சின்ன ஒயர் இருக்கிறது. அதைக் கழற்றினால் வேகம் கூடும் என்று கடையில் வேலை செய்யும் அண்ணன் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். உங்களிடம் சொன்னால் வண்டியை வாங்கி வைத்துக்கொள்வீர்கள் என்று பயந்தேன்” என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. கேட்டால் கிடைக்காமல் போகுமோ என்று அஞ்சி நான் கேட்காமல் இருந்தேன். சொன்னால் பறிபோகுமோ என்று அஞ்சி அவன் சொல்லாமல் இருந்தான். இருவருக்கும் என்ன வேறுபாடு?

ஒயரை மீண்டும் இணைத்துவிட்டால் தீர்ந்ததா? தீராது, 800 வாட் மோட்டார் அப்படியே இருக்கிறதே! பதிவு செய்துகொள்ளலாமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தேன். உரிய ஒப்புதல் பெறாத வகை வண்டியைப் பதிவு செய்ய இயலாது என்றார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் அங்கேதான் அறிந்தேன். சிறுவர் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ உரிமையாளரோ பொறுப்பாவார். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தச் சிறுவருக்கு 25 வயது நிறையும் வரை உரிமம் கிடையாது. தமக்குத் தெரியாமல் நடந்ததென்று நிரூபித்தால் பெற்றோருக்கு விலக்கு உண்டாம். எனக்குத்தான் இப்போது தெரிந்துவிட்டதே!

அபராதத்தைவிட என்னை உலுக்கியது வேறொன்று. அந்த வண்டி ஒரு முதியவர் மீது மோதியிருந்தால்? காப்பீடு இல்லை, இழப்பீட்டை நான்தான் தர வேண்டும். பணத்தைக் கொடுத்துவிடலாம்; ஒடிந்த எலும்புக்கு என்ன பதில் சொல்வது? பாதைக்கு ஓர் உரிமை உண்டு என்றும், பிறருக்குத் தொல்லை தராதிருப்பது அதில் அடங்கும் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்ததை, எத்தனை முறை நான் பயானில் எடுத்துச் சொல்லியிருப்பேன்!

வண்டியை விற்க முடிவு செய்தேன். பக்கத்துத் தெருச் சகோதரர் ஒருவர் ஏறக்குறைய முழு விலைக்கே கேட்டார். நா தடுமாறியது, சீட்டுப் பணம் திரும்பிவிடுமே! அப்போது கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரம் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கக்கூடாதா என்று வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. என் ஈரம் இருக்கைக்கு அடியில் இருந்தது. அனைத்தையும் சொன்னேன். அவர் நன்றி கூறி விலகிக்கொண்டார். முடிவில், வாங்கிய கடையே பாதி விலைக்கு எடுத்துக்கொண்டது. என் மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “போன பணம் போகட்டும், பிள்ளை உண்மையைச் சொன்னானே, அல்ஹம்துலில்லாஹ்” என்றார். மகன் இப்போது சைக்கிள் மிதிக்கிறான். தனி வகுப்பு நாட்களில் நான் சென்று அழைத்து வருகிறேன்.

வாசகர்களே! மின் வண்டி வாங்க வேண்டாம் என்பதன்று என் சொல். முறையான வண்டி நல்லதொரு அருட்கொடையே. ஆனால் பணம் கொடுக்குமுன், எழுத்தில் கேளுங்கள். பதிவு தேவையில்லாத வண்டி என்றால், அந்த மாடலின் பெயர் பொறித்த சோதனைச் சான்றின் நகலை வாங்கிப் படியுங்கள். திறனும் வேகமும் அதில் எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண்கள் வண்டியோடு பொருந்துகின்றனவா என்று நீங்களே ஓட்டிப் பாருங்கள். வரம்பைத் தாண்டிய வண்டியானால் பதிவும் காப்பீடும் செய்து, உரிமம் உள்ளவர் மட்டும் ஓட்டுங்கள். எந்த வண்டியானாலும் தலைக்கவசம் அணியுங்கள். சட்டம் விலக்களித்தாலும் தார்ச்சாலை விலக்களிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் அஞ்சாமல் உண்மை பேசும்படி வீட்டை வைத்திருங்கள்.

சாட்சி கேட்பது சந்தேகப் புத்தியன்று. மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த ஒழுங்கு. அதைப் பிறருக்குப் போதிக்கும் முன் தானே பேணும் நற்பேற்றை, வல்ல அல்லாஹ் எனக்கும் உங்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.