உப்புக்காற்றிலிருந்து உறைபனிக்கு

டென்வரில் வீடு பார்க்க வருகிறவர்கள் சமையல் மேடையைத் தடவிப் பார்ப்பார்கள், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று விசாரிப்பார்கள், கூரைக்கு வயது என்ன என்று கேட்பார்கள். வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் கான்கிரீட் தளத்தைக் குனிந்து பார்க்கிறவர் குறைவு. பேட்டியோ என்று இங்கே சொல்லும் அந்தத் தளத்தில் கோடையில் நாலு நாற்காலி போட்டு உட்காரலாம், அடுப்பு வைத்துக் கறி சுடலாம். வீட்டில் முதலில் மூப்படைவதும் அதுதான். சில குளிர்காலம் போனதும் மேல்தோல் பொருக்குப் பொருக்காக உரிகிறது. ஜல்லி வெளியே தெரிகிறது. வெறுங்காலோடு நடந்தால் குத்துகிறது.

நான் கும்மிடிப்பூண்டிக்காரன். அப்பா சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தவர். பழைய இரும்பை உலையில் உருக்கி, வார்த்து, உருட்டி, டிஎம்டி கம்பியாக லாரியில் ஏற்றி அனுப்பும் ஊர் எங்களுடையது. அதனால் எங்கள் வீட்டில் கட்டடப் பேச்சு என்றாலே கம்பிப் பேச்சுதான். எத்தனை எம்எம், எந்த மில், துரு ஏறியதா ஏறாததா. பழவேற்காட்டில் சித்தி வீட்டு சன்ஷேடு அடிப்பக்கம் பெயர்ந்து விழுந்தபோதும் அப்பா முதலில் பார்த்தது கம்பியைத்தான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் உப்பு காற்றிலேயே வருகிறது. அது கான்கிரீட்டின் நுண்துளை வழியே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு கிளம்புகிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். உள்ளே இடம் ஏது? கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

டென்வர் பேட்டியோவில் பெரும்பாலும் கம்பியே கிடையாது. மிஞ்சிப் போனால் ஒரு வலை போட்டிருப்பார்கள். கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது என்றுதான் இங்கே வரும் நம் ஊர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இங்கே துருவின் வேலையைப் பனிக்கட்டி செய்கிறது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. நுண்துளையில் ஊறிய நீர் உறைந்தால் அந்த 9 சதவீதம் போக இடமில்லாமல் துளைச்சுவரை நெருக்குகிறது.

குளிர் என்றால் எல்லாக் குளிரும் ஒன்றல்ல. மின்னியாபொலிஸ் போன்ற ஊர்களில் குளிர் டென்வரைவிடக் கொடூரம். ஆனால் அங்கே உறைந்தது பல வாரம் உறைந்தபடியே கிடக்கும். டென்வர் கடல்மட்டத்துக்கு மேல் 1,609 மீட்டர், சரியாக ஒரு மைல். மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தின் படியொன்றில் அதைப் பொறித்தே வைத்திருக்கிறார்கள். மெல்லிய காற்று, சுள்ளென்ற வெயில். பிப்ரவரி மதியம் அரைக்கைச் சட்டையோடு நாயை நடத்திக்கொண்டு போவார்கள், அன்றிரவே மைனஸ் 10. பகலில் உருகிய பனி கான்கிரீட்டுக்குள் இறங்கும், இரவில் உறையும், மறுநாள் உருகும். ஒரு குளிர்காலம் முழுக்க இதே கதைதான். பழவேற்காட்டுத் துரு பல வருடம் எடுத்துச் செய்வதை இது சில வருடத்தில் முடித்துவிடும்.

இதற்கு மேல் உப்பு வேறு. கடலே இல்லாத மாநிலத்தில் உப்பு வந்து மாட்டிக்கொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சாலையில் பனி உறையாமலிருக்க மக்னீசியம் குளோரைடு கரைசலைத் தெளிக்கிறார்கள். அது கார்ச் சக்கரத்தில் ஒட்டி வீட்டு வாசல்வரை வருகிறது. போதாததற்கு மூட்டை உப்பை வாங்கி நாமே படியில் தூவுகிறோம். உப்பு உறைநிலையைத் தாழ்த்துமே தவிர உறைதலை அடியோடு நிறுத்தாது. அதிலும் ஒரு விசித்திரம்: கெட்டியான உப்புநீரைவிட 3 சதவீத அளவில் நீர்த்துப்போன உப்புநீர்தான் மேல்தோலை அதிகம் உரிக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ‘கொஞ்சமாகத்தான் போட்டேன்’ என்று சொல்கிறவர் வீட்டுத் தளம் தப்புவதில்லை.

இந்திய விதிநூல் ஐஎஸ் 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், கான்கிரீட் கிடக்கும் சூழலைத் தரம் பிரிக்கும் அட்டவணை ஒன்று இருக்கிறது. ‘மிகக் கடுமை’ என்ற வகையில் மூன்றை ஒன்றாக வைத்திருக்கிறார்கள்: கடல்நீர்த் தெறிப்பு, அரிக்கும் புகை, நனைந்த நிலையில் கடும் உறைபனி. எனக்குப் பழக்கமான பழவேற்காடு, சிப்காட், டென்வர் மூன்றும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிட்டன! கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அங்கே சொல்லும் மருந்தும் ஒன்றுதான். தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக்கூடாது, அதாவது 50 கிலோ மூட்டைக்கு மணல் ஈரத்தையும் சேர்த்து 22.5 லிட்டர். அமெரிக்க விதியும் ஈரத்தோடு உறையும் கான்கிரீட்டுக்கு இதே 0.45-ஐத்தான் சொல்கிறது. இரண்டு தேசத்திலும் அதை மீறுவதற்கான காரணமும் ஒன்று. கலவை இளகலாக இருந்தால் தள்ளுவது சுலபம். “இன்னும் ஒரு பக்கெட் ஊத்தும்மா” என்று சித்தாளிடம் சொல்லும் குரலை நான் ஸ்பானிய மொழியிலும் கேட்டிருக்கிறேன். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அது இருந்த இடம் துளையாக நிற்கும்.

குளிர் நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த இன்னொரு மருந்து நமக்குப் புதியது. 1930-களில் அமெரிக்காவின் வடகிழக்கில் சில சாலைத்துண்டுகள் மட்டும் பனிக்கு அசையாமல் கிடந்தன. ஆராய்ந்ததில், சிமெண்ட் அரைக்கும்போது சேர்ந்த கொழுப்புப் பொருளால் கான்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் உண்டாகியிருந்தது தெரிந்தது. உறையும் நீர் பருத்தால் ஒதுங்க அந்தக் குமிழிகள் இடம் கொடுக்கின்றன. இன்று டென்வரில் வெளித்தளத்துக்கு வரும் கலவையில் 5 முதல் 8 சதவீதம் வரை காற்றைத் திட்டமிட்டே சேர்க்கிறார்கள். நம் ஊரில் காற்றை வெளியேற்ற வைப்ரேட்டர் போட்டுக் குத்துகிறவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும்.

என் பேட்டியோ உரிய ஆரம்பித்ததும் கடைகடையாக ஏறி இறங்கினேன். மேலே பூசிப் புதிதாக்கும் மாவு மூட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. எல்லா மூட்டையிலும் முன்–பின் படம். வாங்குவதற்கு முன் கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரியை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். வயதாகிவிட்டது, இப்போது மகன்தான் வேலைக்குப் போகிறான்.

“மேல இன்னா பூசுறதுன்னு அப்பறம் பாக்கலாம் தம்பி. மொதல்ல ஒரு பக்கெட் தண்ணி ஊத்து. எங்க போவுதுன்னு காட்டு.”

ஊற்றினேன். போனைத் தாழ்த்திப் பிடித்தேன். தண்ணீர் புல்தரைப் பக்கம் போகவில்லை. மெதுவாகத் திரும்பிச் சுவரோரம் வந்து, கூரைத் தண்ணீர் குழாய் இறங்கும் மூலையில் தேங்கியது. உரிந்திருந்ததும் அந்த மூலைதான்.

“செவுத்துப் பக்கம் வாட்டம் வச்சிருக்கான் பாரு! இத வுட்டுட்டு மேல எத்த பூசுனாலும் நிக்காது.”

மேஸ்திரி தளம் போட்டவனைத் திட்டினார். ஆனால் குற்றம் மண்ணுடையதாகத்தான் இருக்க வேண்டும். இங்கே ராக்கி மலையின் கிழக்கு அடிவாரத்தில் பல இடங்களில் பெண்டோனைட் களி. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். புது வீடு விற்கிறவர் மண் அறிக்கை தர வேண்டும் என்று கொலராடோவில் சட்டமே இருக்கிறது. போட்ட அன்று அடிக்குக் கால் அங்குலம் வெளிப்பக்கம் சரிந்திருந்த தளம், அடியிலுள்ள களி அசைந்து அசைந்து இந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். தளத்தில் துளை போட்டு அடியில் நுரை ஏற்றித் தூக்குகிறவர்கள் உண்டு. அதற்கு மட்டும் ஆள் விட்டேன். கூரைக் குழாயை நீட்டிப் புல்தரைக்குள் விட்டது என் சொந்த வேலை.

மற்ற வேலைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஊரில் கொத்தனாரும் சித்தாளும் வந்து அரை நாளில் முடிக்கும் வேலைக்கு இங்கே எந்தக் காண்டிராக்டரும் வரமாட்டார். மொத்தமாக உடைத்துப் புதிதாகப் போடலாமா என்றே கேட்பார். கான்கிரீட் வேலையிலேயே காலம் கழித்த மெக்சிகோக்காரர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சுத்தியலோடு வந்து தளத்தை அங்கங்கே தட்டினார். நல்ல இடத்தில் ‘டிங்’ என்று கெட்டியாகக் கேட்டது. சில இடத்தில் ‘டொக்’கென்று பொள்ளல் சத்தம். பொள்ளல் கேட்ட இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். பார்க்க நன்றாக இருந்த இரண்டு இடங்களும் வட்டத்துக்குள் வந்தன. அவற்றை உளி வைத்துக் கொத்தி, ஜல்லி கெட்டியாகப் பிடித்திருக்கும் அளவுக்குக் கீழே போனோம். மேலே பூசுவது ஒட்டப்போவது அந்தக் கொத்தில்தான். ஊரிலும் பழைய பூச்சின்மேல் கொத்துப் போடாமல் யாரும் கலவை வைப்பதில்லை.

பிறகு வாடகைக்கு எடுத்த பிரஷர் வாஷரால் கழுவினோம். தளம் ஈரம் குடித்திருக்க வேண்டும், ஆனால் மேலே பளபளவென்று தண்ணீர் நிற்கக்கூடாது. இந்த உயரத்தில் அந்தப் பதம் சில நிமிடம்கூட நிற்காது, காற்று உறிஞ்சிவிடும். அதனால் விடிகாலையிலேயே, நிழல் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கினோம். ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போகாத நாளாகவும் பார்க்க வேண்டும். மே கடைசிக்கு முன் அப்படி நாள் அமைவது அபூர்வம், ஜூன் பிறந்தால் மதியத்தில் இடிமழை. கலவையைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து, ரப்பர் பட்டையால் இழுத்து, கெட்டிப்படுவதற்குள் துடைப்பத்தால் ஒரே திசையில் கோடு போட்டோம். நான் கரணையை எடுத்து இழைக்கப் போனபோது மெக்சிகோக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். நமக்குத் தரை என்றால் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். இங்கே வெளித்தளத்தை இரும்புக் கரணையால் இழைத்தால் மேல்தோலிலிருக்கும் காற்று வெளியேறி, அந்தத் தோல்தான் முதலில் உரியும்.

தளத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் வெட்டுக்கோடுகளை மூடவில்லை. அசையும் விரிசலுக்குச் சிமெண்ட் வைக்காமல் ரப்பர்போல நீளும் பாலியூரித்தேன் பசை விட்டோம். ஒரு மாதம் கழித்து சிலேன்–சிலாக்சேன் கலந்த திரவத்தைத் தெளித்தேன்; அது உள்ளே ஊறித் தண்ணீரைத் தடுக்கும், உள்ளிருக்கும் ஆவியை வெளியே விடும். பளபளப்புக்காக அக்ரிலிக் அடிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஈரம் அடியில் மாட்டிக்கொண்டால் படலத்தோடு சேர்ந்து பூச்சும் கிளம்பிவிடும். இந்த ஊர் வெயில் வேறு அதைச் சும்மா விடாது.

மூட்டைப் படத்தில் காட்டுவதுபோல் தளம் புதிதாகிவிடவில்லை. உள்ளே காற்றுக் குமிழி இல்லாத பழைய கான்கிரீட்டுக்கு மேலே பூசும் எந்த மாவும் அதைக் கொண்டுவந்துவிடாது. தண்ணீரை விலக்கியதால் சில வருடம் நிற்கும், அவ்வளவுதான். இப்போது வீட்டில் உப்பு மூட்டை கிடையாது, படியில் மணல் தூவுகிறோம். இந்தக் குளிர்காலம் முடிந்து பார்த்தபோது தளம் பரவாயில்லை. வடக்கு மூலை மட்டும் மறுபடி பொள்ளலாகச் சத்தம் கொடுக்கிறது. அங்கே வெயில் படாமல் பனி கிடந்து கிடந்து ஊறுகிறது. ஜூனில் அந்தக் கட்டத்தை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, காற்று சேர்த்த கலவை போடப்போகிறேன். மேஸ்திரி மகன் இப்போதே கேட்கிறான், எத்தனை எம்எம் கம்பி என்று.