சுகமான பிள்ளைக்கு ஒரு டேர்மின்

ஜெர்மனியில் பிள்ளை பிறந்த கையோடு ஒரு மஞ்சள் கொப்பி தருவார்கள். பிள்ளை சுகமாக இருக்கும்போது டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவதற்கான கொப்பி அது. மேற்கு ஜெர்மனியில் 1971 இல் தொடங்கிய பரிசோதனை வரிசை. காசு நாங்கள் கட்டுவதில்லை, காப்புறுதி பார்த்துக்கொள்ளும். முதலாவது பரிசோதனையான ஊ 1 பிரசவ அறையிலேயே முடிந்துவிடும். கடைசியான ஊ 9 ஐந்து வயது தாண்டும்போது வரும். இடையில் மூன்று வயதுக்கென்று 2008 இல் ஊ 7ஆ என ஒன்றைச் செருகியதால், பெயரில் ஒன்பது, எண்ணினால் பத்து.

சுகமான பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுவது எங்களுக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மாமார் பிள்ளையை நிறுக்கக் கிளினிக்குக்குப் போனவர்கள்தான். போகாவிட்டால் மிட்வைஃப் படலையைத் திறந்துகொண்டு வந்து ஏசுவா. இங்கேயும் ஹேபாமெ என்ற மிட்வைஃப் வீடு தேடி வருவா, தொப்புளைப் பார்ப்பா, தாயின் நித்திரையையும் விசாரிப்பா. 12 வாரத்தோடு அந்த வரவு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். பிறகு வருவது கடிதம். நாங்கள் இருக்கும் நோட்றைன் வெஸ்ட்பாலனில் பரிசோதனைக்கு வராத பிள்ளையின் பெற்றோருக்கு மாநிலத்திலிருந்து நினைவூட்டல் வரும். அதற்கும் அசையாவிட்டால் நகரசபைக்கு அறிவிப்பார்கள்.

அந்தக் கடிதம் வரும்வரை எங்கள் சனம் பார்த்துக்கொண்டிருக்காது. டேர்மினுக்கு, அதாவது குறித்துத் தந்த நேரத்துக்கு, பத்து நிமிஷம் முந்தியே போய், பிள்ளைக்குப் புதுச் சட்டையும் போட்டுக் காத்திருப்போம். சிக்கல் உள்ளே போன பிறகுதான். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பதும் தலையைச் சுற்றி அளப்பதும் டொக்டரின் வேலை. மீதிப் பாதி எங்கள் வாயிலிருந்து வரவேண்டும். இரவில் எத்தனை தரம் எழும்புகிறான்? பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புகிறானா? மற்றப் பிள்ளைகளோடு சேர்கிறானா? எல்லாவற்றுக்கும் ‘ஆலெஸ் கூட்’, எல்லாம் நல்லம், என்று ஒரே மறுமொழி சொல்லிவிட்டு எழும்பி வருகிறவர்களை எனக்குத் தெரியும். டொக்டரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற மரியாதை ஒரு பக்கம், முழு வசனமாக டொய்ச் வராத கூச்சம் இன்னொரு பக்கம். வெளியே சொல்லாத காரணமும் உண்டு. குறை ஏதும் சொன்னால் யூகெண்ட்ஆம்ட் என்ற இளையோர் நல அலுவலகம் வந்து பிள்ளையைக் கேட்கும் என்ற பயம். ஊரில் அரசாங்கத்துக்கு ஒளித்து வாழ்ந்த சனத்திடம் அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆனாலும் இரண்டு வயதில் வரும் ஊ 7 ஐ எடுத்துப் பாருங்கள். பிள்ளை ஐம்பது சொல்லாவது சொல்கிறதா என்று பார்க்கிற வயது அது. தண்ணி, சோறு, மாமி, பூனை, ‘வேண்டாம்’ எல்லாம் கணக்கில் சேரும். இரு மொழிச் சொற்களையும் கூட்டித்தான் எண்ணவேண்டும். தமிழ்ச் சொற்களை டொக்டரால் எண்ண முடியுமா? அந்த அறையில் அது தெரிந்த ஆள் தாயோ தகப்பனோதான். போவதற்கு முதல் ஒரு கிழமை பிள்ளை சொல்வதையெல்லாம் துண்டில் எழுதி வைத்தால் போதும்.

எங்கள் குழந்தைகளின் முதுகடியில் பிறக்கும்போதே இருக்கும் நீலத் திட்டும் அப்படித்தான். தானாக மறைந்துபோகும், ஆபத்தில்லை. ஆனால் கிண்டர்கார்டனில் யாராவது அதை அடித்த காயம் என்று நினைக்கலாம். அதனால் கேட்டுக் கொப்பியில் எழுதுவிக்க வேண்டும்.

நிறைக் கோடு பற்றி அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்த நான் படாத பாடில்லை. தொலைபேசியில் முகத்தைப் பார்த்தே “பிள்ளை வாடிப்போச்சு” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவா. கொப்பியிலுள்ள வளைகோடுகளில் பிள்ளை மேல் கோட்டில் நிற்கவேண்டும் என்றில்லை. தன் கோட்டை விட்டுச் சரியாமல் போகிறதா என்பதுதான் பேச்சு. “அப்ப ஏன் கன்னம் ஒட்டிக் கிடக்கு?”

ஊசிகளில் பெரிய தர்க்கம் இல்லை. 2020 மார்ச் முதல் சின்னமுத்து ஊசிக்குச் சான்று இல்லாமல் கிண்டர்கார்டனில் சேர்க்கமாட்டார்கள். எங்கள் கையில் தழும்பு வைத்த பி.சி.ஜி. இங்கே 1998 முதல் பரிந்துரையில் இல்லை. பிள்ளைகள் எங்கள் தழும்பைப் பார்த்து என்னவென்று கேட்கிறார்கள்.

தர்க்கம் வருவது எச்.பி.வி. ஊசியில். “ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் ஏன் இப்ப?” என்று தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் தாய்மார் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். உடலுறவால் தொற்றும் கிருமி என்றதும் கதை நின்றுவிடும். கிருமி வருவதற்கு முதல் போட்டால்தான் முழுப் பலன். அதனால்தான் 9 முதல் 14 வயது, அந்த வயதில் இரண்டு ஊசி போதும். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற ஊசியை மானப் பிரச்சினையாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. பெடியன்களுக்கும் 2018 முதல் பரிந்துரை இருக்கிறது. அவர்களைப் பற்றி வாசலில் யாரும் கேட்பதில்லை.

அதே வயதையொட்டி, 12 முதல் 14 க்குள், யொட் 1 என்று இன்னொரு பரிசோதனை உண்டு. சின்ன வயதுப் பரிசோதனைகள் அளவுக்கு இதற்குப் பிள்ளைகள் போவதில்லை, கடிதம் துரத்துவதும் குறைவு. பிள்ளை விரும்பினால் தனியாகவே டொக்டரோடு கதைக்கலாம், பெற்றோர் வெளியே. என் மகளுக்கு நானே போன் எடுத்து டேர்மின் வாங்கினேன். கணக்குப் பாட நேரத்தில் கிடைத்தது. அவளுக்கு அதில் குறையொன்றுமில்லை.