சீமையில் மூன்று வாரம்

"மூன்று வாரத்தில் என்ன வியாபாரம் படித்துவிட முடியும்?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது என்று எனக்குத் திடமான நம்பிக்கை இருந்தது.

என் புதல்வி பெங்களூரில் பி.காம். இரண்டாவது வருஷம் வாசித்துக் கொண்டிருந்தாள். தினந்தோறும் ஓசூரில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் போய் வருகிறவள். லண்டன் ஸ்கூல் ஆப் எகனாமிக்ஸில் 1989-ம் வருஷம் முதல் கோடைப் பள்ளி ஒன்று நடந்து வருகிறது. அம்பேத்கர் 1923-ல் டாக்டர் பட்டம் பெற்ற கலாசாலைதான். அதற்கு என்னைக் கேளாமலே விண்ணப்பம் போட்டு, இடமும் வாங்கிவிட்டாள். கட்டணம், ஜாகை, விமானச் செலவு எல்லாம் சேர்த்து ஏழெட்டு லட்சம் ரூபாய்.

அந்தப் பணம் என்னிடம் இருந்ததுதான் சங்கடம். இல்லையென்றால், 'இல்லை' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஓசூரை அடுத்து எனக்கு இரண்டு ஏக்கர் ரோஜாத் தோட்டம் உண்டு. பசுமைக்குடிலின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் தாள் சில வருஷ வெயிலில் நைந்துவிடும். அதை மாற்றுவதற்காகச் சேர்த்து வைத்த பணம் அது.

"நம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி அமெரிக்கா போய்க் கென்னடியைக் கண்டது 1962-ல், 83-வது வயதில். உனக்கு என்ன அவசரம்?" என்றேன்.

"அவர் அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லப் போனார், அப்பா. ரோஜா விற்கக் கற்றுக்கொள்ள அவ்வளவு வயது வேண்டாம்" என்றாள்.

என் சகதர்மிணி சிரித்துவிட்டாள். பிறகு நான் என்ன செய்ய முடியும்?

அவள் போன இரண்டாவது வாரம் ஆடி பிறந்தது. நேயர்களுக்கு ஆடிக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே இரவில் கால் ஏக்கர் தாள் கிழிந்து கொடிபோல் பறந்தது. டெலிபோனில் அவளிடம் மூச்சு விடவில்லை. அவளோ பாடத்தைப் பற்றிப் பேசாமல், ஜாகைக்கு எதிரிலிருந்த கடையைப் பற்றியே பேசினாள். அங்கே ரோஜாக் கட்டுகளில் கென்யா என்று அச்சிட்டிருந்ததாம். இத்தனை நாள் வாடாது என்று உத்தரவாதம் வேறு! வகுப்பில் கென்யா தேசத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். நைவாஷா ஏரிக்கரைத் தோட்டங்களில் வெட்டிய பூ, குளிர் அறையில் ஆறி, நைரோபியிலிருந்து விமானம் ஏறும் விவரமெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் என் பெண்ணைக் கேட்டாளாம்: "உங்கள் தோட்டத்தில் பூவை வெட்டியபின் எத்தனை நிமிஷத்தில் தண்ணீரில் வைக்கிறீர்கள்?"

என் பெண் என்னைக் கேட்டாள். பதினைந்து வருஷமாகப் பூ வெட்டுகிற எனக்கும் தெரியவில்லை. "சீக்கிரம்தான்" என்றேன்.

திரும்பி வந்ததும் வாசலிலிருந்தே கிழிசலைப் பார்த்துவிட்டாள்.

"எப்போது?"

"ஆடி பிறந்ததும்."

"ஏன் சொல்லவில்லை?"

சொல்லியிருந்தால் அவள் பாதியில் புறப்பட்டிருப்பாள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் விடியற்காலையில் கைக்கடிகாரத்துடன் தோட்டத்துக்கு வந்து நின்றாள். (நம் ஓசூரிலேயே செய்த டைட்டன்தான், சீமைச் சரக்கல்ல.) முதல் தாஜ்மஹால் ரோஜாவை வெட்டியது முதல் அது தண்ணீரைக் கண்டது வரை 55 நிமிஷம்! கூடை நிறையட்டும் என்று ஆட்கள் காத்திருந்ததுதான் காரணம். நானும் அந்தக் கூடையைத் தினம் பார்த்தவன்தான்.

இப்போது ஒவ்வொரு பாத்தியின் கோடியிலும் ஒரு வாளித் தண்ணீர் இருக்கிறது. பெங்களூர்த் தரகர் 20 பூக் கட்டுக்கு விலையை உயர்த்தவில்லை. அவர் அந்த ஜாதியல்ல. ஆனால், வாடிப் போயிற்று என்று அவர் கழித்துக்கட்டும் கட்டுகள் குறைந்திருக்கின்றன. தாளை இன்னும் மாற்றவில்லை. பிப்ரவரி மாதம் காதலர் தின விற்பனை முடிந்ததும் மாற்றலாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். கணக்குப் புஸ்தகம் இப்போது அவளிடம்தான் இருக்கிறது.