பாட்டும் தேதியும்

மலேசியாவில் தமிழ்க் கவிதை எழுதிச் சோறு தின்றவர் எவரும் இல்லை. ஆசிரியர், தோட்டக் கிராணி, துறைமுகத் தொழிலாளி, கடைக்காரர் என்று வாரம் முழுக்க வேறு வேலை. பாட்டுக்கு மிஞ்சுவது இரவும் ஞாயிறும்தான். கிள்ளானில் இருந்துகொண்டு மரபுக்கவிதை எழுதுகிறேன். கேட்டு வருகிறவர்களுக்கு யாப்பும் சொல்லித் தருகிறேன்.

யாப்பு படிக்க வருகிறவர்களிடம் முதலில் அவரவர் ஊர்ப் பெயரை வெண்பாவில் வைக்கச் சொல்வேன். கிள்ளான் என்பது நேர் நேர், தேமா. மாச்சீருக்குப் பின் நிரை வரவேண்டும் என்பது விதி. ஆகவே ‘கிள்ளான் நகரில்’ என்றால் தளை தட்டாமல் உட்கார்ந்துவிடும். கோலாலம்பூர் அவ்வளவு எளிதில் மசியாது. ‘கோலா லம்பூர்’ என்று பிரித்தால் தேமாவை அடுத்து நேர் வந்து வெண்டளை கெடும். ‘கோலாலம் பூரில்’ என்று பிரித்தால் முதற்சீர் தேமாங்காய். காய் முன் நேர் வந்து தளை சரியாகிவிடும். சொல்லை இப்படிப் பிளப்பதற்கு வகையுளி என்று பெயர். அலகிடும்போது பிளந்து நின்றாலும் வாய் அதைச் சேர்த்தேதான் சொல்லும். பிரிக்பீல்ட்ஸ் கண்ணுக்கு முரடாகத் தெரியும். அந்த மெய்க்கூட்டத்தை நம் இலக்கணமும் ஏற்காது. ஆனால் ஒற்றுக்கு அலகு இல்லை என்பதால், அலகிட்டால் அது வெறும் புளிமா. ‘பிரிக்பீல்ட்சில்’ என்று உருபு சேர்த்தால் புளிமாங்காய். அடுத்த சீரை நேரசையில் தொடங்கினால் போதும்.

இந்தப் பயிற்சி முடியும்போது மாணவர்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. வெண்பா காவிரிக்கரைக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் போய்விடுகிறது. தாங்கள் தினம் ரயில் ஏறி இறங்கும் நிலையத்தின் பெயரும் பாட்டுக்குள் வரும் என்று தெரிந்த பிறகுதான் தங்கள் வாழ்க்கையும் வரும் என்று நம்புகிறார்கள். யாழ்ப்பாணத்துச் சதாசிவப் பண்டிதர் 1887இல் ‘சிங்கை நகர் அந்தாதி’ வெளியிட்டார். வந்து சேர்ந்த ஊரை அந்தாதிக்குள் கொண்டுவந்த அந்த வேலையைத்தான் இன்றைக்கு நாங்களும் செய்கிறோம்.

மேடைக் கவிதைக்கு வேறு கணக்கு உண்டு. தலைநகரில் விஸ்மா துன் சம்பந்தனில் இருக்கும் டான்ஸ்ரீ சோமா அரங்கம் போன்ற இடங்களில் பாடும்போது, கேட்பவர் கையில் தாள் இருக்காது. கண்ணில் படாத எதுகை காதில் விழ வேண்டும். அதனால் முதலடியை இரண்டு முறை சொல்கிறோம். முதல் முறை பொருள் போய்ச் சேரும். இரண்டாம் முறை ஓசை. கைதட்டல் வாங்கும் அடியைக் கடைசிக்கு வைத்துவிட்டு நடுவில் சொத்தை அடிகளை நிரப்புவது கவியரங்கத்தின் பழைய நோய். அந்த அடிகளை அச்சில் பார்க்கும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

மரபா புதிதா என்ற சண்டையும் இங்கே பலமாக நடந்திருக்கிறது. 1964இல் சி. கமலநாதனின் புதுக்கவிதை தமிழ் முரசில் வந்தது. மலேசியப் புதுக்கவிதையின் தொடக்கமாக அதைத்தான் குறிக்கிறார்கள். 1977இல் ஆதி குமணன் தொடங்கிய வானம்பாடி வார இதழ் புதுக்கவிதைக்கு அகலமாகக் கதவு திறந்துவிட்டது. நான் மரபின் பக்கம் நிற்பவன். ஆனாலும் சொல்கிறேன்: தோட்டம் துண்டாடப்பட்டதையும், வேலை தேடி நகரத்து அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்ததையும், தளையைப் பற்றிக் கவலைப்படாமல் உடனுக்குடன் சொல்ல ஒரு வடிவம் தேவைப்பட்டது. அந்தத் தேவையைப் புதுக்கவிதை நிறைவேற்றியது. நல்ல கவிதை எந்தப் பக்கத்தில் வந்தாலும் நம் கவிதைதான்.

எங்களை உண்மையில் அச்சுறுத்துவது மறதி. இறையருட் கவிஞர் சீனி நைனா முகம்மது கீழக்கரையில் பிறந்து, பினாங்கில் வாழ்ந்து, ‘உங்கள் குரல்’ இதழை நடத்தி, தொல்காப்பியத்தை ஊர் ஊராகப் பாடம் சொன்னவர். 2014இல் மறைந்தார். நம் விழாக்களில் எழுந்து நின்று பாடுகிறோமே, அந்தத் தமிழ் வாழ்த்து அவர் எழுதியது. பாடும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? இவ்வளவு பெரியவருக்கே இந்த நிலை என்றால், ஞாயிறு மலரில் மாதம் ஒரு கவிதை எழுதிய தோட்டத்துக் கவிஞரை யார் நினைப்பார்?

கவிஞர் ஒருவர் மறைந்த பிறகு அவர் வீட்டார் ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்கள். பத்திரிகையில் வந்த கவிதைகளை வெட்டி, பசை தடவி, வரிசையாக ஒட்டியிருந்தார். கவிதையின் ஓரத்தை ஒட்டி அழகாக வெட்டியிருந்ததால் பக்கத்தின் தலையில் இருந்த தேதியும் பத்திரிகையின் பெயரும் கத்தரியோடு போய்விட்டன. ஒரு கவிதை ஏதோ வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசுகிறது. எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. பாட்டு இருக்கிறது, அது நின்ற மண் இல்லை.

பழைய பாட்டுகளைச் சேர்த்துக் காக்கும் வேலையின் அருமையை எல்லாருக்கும் முன்னால் உணர்ந்தவர் எங்கள் கிள்ளான் முரசு நெடுமாறன். பள்ளி ஆசிரியர், குழந்தைக் கவிஞர். 1887 முதல் 1987 வரையான ஒரு நூற்றாண்டின் கவிதைகளைத் தேடித் தொகுத்து, 1997இல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்று வெளியிட்டார். அவர் மகன் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு அஞ்சல்’ மென்பொருளையும் பின்னர் ‘செல்லினம்’ செயலியையும் உருவாக்கினார். பழைய பாட்டைச் சேர்த்துவைத்தவரும், புதிய பாட்டைக் கணினியில் தட்ட வழி செய்தவரும் ஒரே வீட்டார் என்பது கிள்ளானுக்குப் பெருமை.

களஞ்சியம் 1987இல் நின்றது, கவிதை நிற்கவில்லை. ஆனால் அது வெளிவரும் இடம் மாறிவிட்டது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019 சனவரியோடு மூடப்பட்டது. ஒரு ஞாயிறுப் பக்கம் போனால், அதில் எழுதப் பழகிய கை எங்கே போகும்? இப்போது பெரும்பாலான கவிதைகள் புலனத்திலும் முகநூலிலும் பிறக்கின்றன. காலையில் ஐம்பது பேர் வாழ்த்துகிறார்கள்; கைப்பேசியை மாற்றினால் கவிதையும் போய்விடுகிறது. பழைய கவிஞரின் நோட்டில் தேதிதான் காணாமல் போனது. நம்மிடம் நோட்டே இல்லை.

ஆகவே சக கவிஞர்களை வேண்டிக் கேட்கிறேன். கவிதைக்குக் கீழே நாளும் ஊரும் எழுதுங்கள். எதைப் பற்றி எழுதினோம் என்று ஒரு வரி சேருங்கள். கைப்பேசியில் இருப்பதை ஆண்டுக்கு ஒரு முறையாவது தாளில் எடுத்து வையுங்கள். நூலாக அச்சிட்டால் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய நூலகத்துக்கு 5 படிகள் ஒப்படைக்க வேண்டும். அதைத் தொல்லை என்று நினைக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள். மறைந்த கவிஞரின் நோட்டு உங்கள் வீட்டில் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒரு தமிழாசிரியரிடம் காட்டுங்கள். அடுத்த களஞ்சியத்தைத் தொகுக்கப் போகிறவர் யாரென்று இன்று தெரியாது. அவருக்கான வேலையை நாம் இன்றே தொடங்கிவிடலாம்.