ஹூஸ்டனில் ஒரு சனி, ஒரு ஞாயிறு

சனி, காலை

ராக்கெட்டுக்கு முன்னால் மாடுகள்தான் கண்ணில் பட்டன. நீண்ட கொம்புள்ள டெக்சஸ் மாடுகள், ஜான்சன் விண்வெளி மையத்தின் வேலிக்குள்ளேயே மேய்கின்றன. 1960களில் நாசாவுக்கு இந்த நிலம் ரைஸ் பல்கலைக்கழகம் வழியாகக் கிடைத்தபோது இது மேய்ச்சல் வெளி.

சுற்றுலா டிராமில் வந்த மற்றவர்கள் சாட்டர்ன் 5 ராக்கெட்டின் அருகே நின்று படம் எடுத்துத் தள்ளினார்கள். கிடத்தி வைத்திருக்கிறார்கள், நீளம் 110 மீட்டர். அவர்களோடு வந்த விண்வெளி ரசிகை ஒருவர் மட்டும் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. மேலே போவதற்கு முன் மனிதர்களை எப்படிப் பழக்குகிறார்கள் என்று பார்க்கவே அவர் வந்திருந்தார்.

9ஆம் எண் கட்டடத்தில் அது தொடங்கியது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் பகுதிகள் முழு அளவில் நிற்கின்றன. தீப்பிடித்தால் என்ன செய்வது, காற்றழுத்தம் குறைந்தால் எந்தக் கதவை மூடுவது என்று வீரர்கள் ஒத்திகை பார்க்கும் இடம். எல்லாம் அசலைப் போலவே இருக்கிறது, மிதக்க மட்டும் வழியில்லை.

சனி, பிற்பகல்

மிதப்பதற்குத்தான் குளம். 62 மீட்டர் நீளம், 31 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம், 2.3 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர். அடியில் விண்வெளி நிலையத்தின் பகுதிகள் மூழ்கிக் கிடக்கின்றன. விண்நடை உடை அணிந்தவரைக் கிரேன் உள்ளே இறக்கும். முக்குளிப்பவர்கள் எடைக்கட்டிகளையும் நுரைத் துண்டுகளையும் உடையில் செருகி, அவர் மேலேயும் எழாமல் கீழேயும் போகாமல் நிற்கும்படி செய்வார்கள். பிறகு ஆறு மணி நேரம் வேலை.

பார்வையாளர் மாடத்திலிருந்து ரசிகை கேட்ட முதல் கேள்வி: இது எந்த இடத்தில் பொய் சொல்கிறது? வழிகாட்டிக்குக் கேள்வி பிடித்துப்போனது. உடைதான் மிதக்கிறது, உள்ளே இருக்கும் உடம்புக்குப் புவியீர்ப்பு அப்படியே இருக்கிறது. தலைகீழாகத் திரும்பினால் முழு எடையும் தோளில் இறங்கும்; பயிற்சியிலேயே தோள்பட்டையில் காயம் பட்டவர்கள் உண்டு. தண்ணீர் இழுத்துப் பிடிப்பதும் வேறு சிக்கல். விண்வெளியில் ஒரு பெட்டியைத் தள்ளினால் அது தானாக நிற்காது, குளத்தில் நின்றுவிடும்.

இத்தனை குறை இருந்தும் குளத்தை விடாததற்குக் காரணம் 1966இல் இருக்கிறது. அந்த ஜூன் மாதம் ஜெமினி 9ஏ கலத்திலிருந்து வெளியே வந்த யூஜீன் செர்னன், பிடிமானம் இல்லாமல் திணறிக் களைத்தார். மூச்சின் ஈரத்தில் ஹெல்மெட் கண்ணாடி மங்கிப் பார்வையே மறைந்தது. அதே ஆண்டு நவம்பரில் போன பஸ் ஆல்ட்ரின், முன்கூட்டியே மேரிலாந்தில் ஒரு பள்ளி நீச்சல் குளத்தில் ஒத்திகை பார்த்திருந்தார். ஜெமினி 12இல் அவர் வேலைகளை நிதானமாக முடித்துத் திரும்பினார்.

குளம் இருக்கும் இந்தப் பயிற்சி மையத்துக்கு விண்வெளி வீரர் சானி கார்ட்டர் பெயரை வைத்திருக்கிறார்கள். விண்வெளிக்குப் போய்த் திரும்பிய அவர் 1991இல் இறந்தது ஒரு சாதாரணப் பயணிகள் விமான விபத்தில்.

ஞாயிறு

எல்லிங்டன் விமானத் தளம். வீரர்கள் ஓட்டிப் பழகும் டி-38 ஜெட்டுகளின் வீடு இதுதான். இருவர் அமரும், ஒலியை மிஞ்சும் விமானம். ரசிகைக்கு மிகவும் பிடித்த பயிற்சி இதுதான், ஏனென்றால் இதில் ஆபத்து நிஜம். 1964 முதல் 1967 வரை மூன்று டி-38 விபத்துகளில் நாசா நான்கு விண்வெளி வீரர்களை இழந்தது. முதலில் போனவர் தியோடர் ஃப்ரீமன். எல்லிங்டன் அருகிலேயே ஒரு வாத்து மோதி.

1968 மே 6 அன்று இதே தளத்தில் நீல் ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கும் பயிற்சிக்கான எந்திரத்தை ஓட்டினார். கட்டில் சட்டத்துக்கு ஜெட் பொருத்தியதுபோல் இருக்கும் அதன் உருவம். சுமார் 60 மீட்டர் உயரத்தில் கட்டுப்பாடு போனது. அவர் இருக்கையோடு வெளியே பாய்ந்து பாராசூட்டில் இறங்க, எந்திரம் தரையில் விழுந்து எரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டதைத் தவிரப் பெரிய காயமில்லை. அன்றே அலுவலகத்துக்குத் திரும்பினார்.

மொத்தம் செய்த ஐந்து எந்திரங்களில் மூன்று இப்படி நொறுங்கின. அதை நிறுத்திவிடலாம் என்று மேலதிகாரிகள் நினைத்தார்கள். ஓட்டியவர்களோ அது கட்டாயம் வேண்டும் என்றார்கள்.