காணாத வெயில்

வடபுலத்து வானம் வெயிலை அளந்தே தரும். ஒல்லாந்து நாட்டில் முகில் முற்றும் நீங்கிய நாள்கள் சில. மழை பெய்யாப் பகலிலும் பலகால் நிழல் தெளிவாய் விழுவதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் அந்நாட்டு இளம் ஓவியர் பலர் ஆல்ப்சு மலையைக் கடந்து உரோமாபுரி சென்றனர். பழஞ்சிற்பங்களையும் பேரோவியங்களையும் கண்டு பயில்வதே நோக்கம். சென்றவருள் சிலரோ, நகர்ப்புறத்தே இடிந்த தூண்களின்மேல் சாய்ந்த மாலை வெயிலில் மனத்தைப் பறிகொடுத்தனர்.

1620 அளவில் அவர்கள் அங்கு ஒரு சங்கமும் கண்டனர். புதிதாய் வருவோர்க்கு மதுவிருந்தும் பட்டப்பெயரும் உண்டு. 1720இல் போப்பாண்டவர் அதனைத் தடைசெய்தார். அத்தகைய களியாட்டச் சங்கம் ஒரு நூற்றாண்டு நீடித்ததே வியப்பு!

யான் போத் உத்ரெக்ட் நகரத்தவர். அண்ணன் ஆந்திரீசும் ஓவியரே. இருவரும் உரோமில் சில ஆண்டுகள் வாழ்ந்தனர். 1640களின் தொடக்கத்தில், நாடு திரும்பும் வழியில், வெனிசு நகரக் கால்வாயில் மூழ்கி அண்ணன் இறந்தார். தம்பி தனியே ஊர் வந்து சேர்ந்தார். 1652இல் தாமும் மறையும்வரை, உத்ரெக்டில் அமர்ந்து இத்தாலிய மாலையையே பெரிதும் தீட்டினார்: மலைப்பாதை, கோவேறு கழுதைகள், தாழ்ந்த கதிரவன், பொன்விளிம்பிட்ட இலைகள். அண்ணனோடு நடந்த வழிகள் அவை என்று எண்ணிப் பார்ப்பவர்க்கு அவ்வெயிலில் ஒரு துயரமும் தெரியும்.

போத்தின் படங்களால் வழி மாறியவர் டோர்ட்ரெக்ட் நகரத்து ஆல்பர்ட் கைப். 1620இல் பிறந்த அவர், தொடக்கத்தில் வான் கோயன் என்பாரைப் பின்பற்றி மங்கிய மஞ்சளும் பழுப்புமாய்த் தீட்டிவந்தார். 1640களின் நடுவில் போத் கொணர்ந்த ஒளி அவர் தூரிகையில் ஏறியது. கைப் இத்தாலி சென்றதற்குச் சான்றே இல்லை. கற்பனை மலைகளைச் சில படங்களில் எழுப்பினார் எனினும், அவர்தம் சிறப்பெல்லாம் உள்ளூர்க் காட்சிகளிலேயே உள்ளது. மாஸ் ஆற்றில் நிற்கும் பாய்மரக் கப்பல்கள்மீதும், கரையில் அசைபோடும் பசுக்கள்மீதும் இத்தாலிய வெயிலைப் பாய்ச்சினார். பசுவின் முதுகுமயிர் ஒளிர்கிறது. ஆற்றுநீர் தேன்நிறம் கொள்கிறது. இரவல் வெயில் என்று இதனை இகழ்வது எளிது. ஆனால், டோர்ட்ரெக்டிலும் ஆண்டில் சில மாலைகள் அவ்வாறு பொலிந்திருக்கும். அவற்றைக் காணும் கண்ணைப் போத் தந்தார் என்பதே பொருத்தம்.

1658இல் செல்வமிக்க கைம்பெண் ஒருவரை மணந்தபின், கைப் தீட்டுவதைப் பெரிதும் விட்டொழித்தார்.

ஆங்கில ஓவியர் டர்னர் 1817இல் ஒல்லாந்து சென்றார். டோர்ட்ரெக்டின் படகுகளைக் கைப் காட்டிய அதே மஞ்சள் ஒளியில் தீட்டி, 1818இல் இலண்டனில் காட்சிக்கு வைத்தார். உரோமாபுரியை அவர் முதன்முதலாகக் கண்டது அதற்கடுத்த ஆண்டில்.