சொந்தக் காரணம்

ஒரு பொண்ணோட கோப்பில் 'சொந்தக் காரணம்' என்று என் கையால் எழுதினேன். அது பொய். அந்தப் பொய்யைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு, ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். தொகுப்பூதிய வேலை. கடிதம் அடிக்க, கோப்பு பார்க்க, இங்கிலீஷ் தெரியாத அப்பா அம்மா வந்தால் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. இயக்க வேலைகளுக்கு நடுவில் எனக்கும் சோத்துக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. போனேன்.

அங்கே நடந்தது இணைப் பட்டப்படிப்பு. நீர்வள மேலாண்மையில் இரண்டு வருஷ முதுகலை. முதல் வருஷம் இங்கே, இரண்டாம் வருஷம் ஜெர்மனியில். கடைசியில் இரண்டு பல்கலைக்கழகத்தின் முத்திரையும் பதித்த ஒரே பட்டம். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் இதற்கென்று விதிமுறை கொண்டுவந்தது. இரண்டு பக்கமும் குறைந்தது 30 சதவீத கிரெடிட் படித்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் 1000க்குள் இருக்க வேண்டும். இங்கே இருக்கிற நிறுவனம் நாக் மதிப்பீட்டில் 3.01 வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் தேசியத் தரவரிசையில் முதல் 100 பல்கலைக்கழகங்களுக்குள் வர வேண்டும், அதுவும் இல்லையென்றால் மேன்மைமிகு நிறுவனம் என்ற பட்டியலில் இருக்க வேண்டும். நம்ம பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்ப் படிக்கிற எத்தனையோ கல்லூரிகள் இந்த வாசலிலேயே நின்றுவிடும். அதைத் தாண்டி உள்ளே வந்த ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன்னால் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் குமாஸ்தா வேலை. உள்ளே உட்கார்ந்து பார்த்தால்தான் அது அதிகாரம் என்று தெரியும்.

2023இல் வந்த தேசியக் கிரெடிட் சட்டகப்படி இங்கே ஒரு வருஷத்துக்கு 40 கிரெடிட், 1200 மணி நேரம். ஐரோப்பாவில் வருஷத்துக்கு 60 கிரெடிட், 1500லிருந்து 1800 மணி நேரம். ஒன்றை இன்னொன்றாக மாற்ற வேண்டும். இங்கே ஜூன், ஜூலையில் வகுப்பு தொடங்கும். அங்கே குளிர்காலப் பருவம் அக்டோபரில். நடுவில் இருக்கிற மாதங்களில் பிள்ளை எங்கே இருப்பது, எதைச் சாப்பிடுவது என்று எந்த நாட்காட்டியிலும் போட்டிருக்காது.

மதிப்பெண் கதை இன்னும் வேடிக்கை. அங்கே 1 என்றால் முதல் தரம், 4 என்றால் தப்பிப் பிழைத்த தேர்ச்சி. நம்ம மதிப்பெண்ணை அதற்கு மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். பிள்ளை வாங்கியது, வாங்கக்கூடிய அதிகபட்சம், தேர்ச்சிக்கான குறைந்தபட்சம், இந்த மூன்றையும் போட வேண்டும். பத்துக்கு எட்டு வாங்கியவளுக்கு, குறைந்தபட்சம் 4 என்று போட்டால் 2.0 வரும். 5 என்று போட்டால் 2.2 ஆகிவிடும். அவள் எழுதிய பரீட்சை அதேதான். அலுவலகத்தில் ஒருத்தர் தட்டுகிற ஒரே ஒரு எண்ணில் அவள் தரம் இறங்குகிறது. இதைப் பார்த்த அன்றைக்குத்தான் அந்த நாற்காலி எனக்குப் பயமாக இருந்தது.

பேரிலும் சிக்கல். 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகராது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். எங்க தாத்தாவுக்கு விடுவதற்குப் பட்டமே இருந்ததில்லை. அவரை வாடா போடா என்றுதான் கூப்பிட்டார்கள். கடைசியில் அந்தப் பொண்ணோட அப்பா பேரைக் குடும்பப் பெயராகப் போட்டோம். இங்கே மார்க் ஷீட்டில் இனிஷியலோடு ஒருத்தி, அங்கே அப்பா பேரோடு இன்னொருத்தி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கினோம். அவள் சிரித்தாள்.

"அக்கா, எங்கப்பா பேரை ஊர்த்தெருவுல யாரும் முழுசா சொன்னதில்ல. ஜெர்மனிக்காரன் சொல்லப் போறான்."

அவள் திண்டிவனம் பக்கம். அப்பா இல்லை. அம்மா களை எடுக்க, நாத்து நடப் போகிறவங்க. முதல் வருஷம் வகுப்பில் இரண்டாவதாக வந்தாள். ஏரிகளின் மதகு, வரத்து வாய்க்கால் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலனிக்குக் கடைசியில்தான் தண்ணி வரும் என்பதை வைத்தே ஒரு கட்டுரை எழுதினாள். அதை ஜெர்மன் பேராசிரியர் பாராட்டிக் கடிதம் போட்டார். அந்தக் கடிதத்தை நான்தான் கோப்பில் வைத்தேன்.

பிறகு விசா வந்தது. அங்கே கல்விக் கட்டணம் இல்லை என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் பிழைப்புக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். முடக்கக் கணக்கு என்று ஒன்று. 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ கணக்கு, வருஷத்துக்கு 11,904 யூரோ முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். நம்ம பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். அங்கே போன பிறகு மாதாமாதம் அவளே எடுத்துச் செலவு செய்யலாம். அது அவள் பணம்தான். ஆனால் போவதற்கு முன்னாலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உதவித்தொகைக் கடிதம் வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் ஜெர்மனியில் வசிக்கிற ஒருவர் பொறுப்பேற்று எழுதித் தர வேண்டும். நம்ம காலனியில் யாருக்கு ஜெர்மனியில் மாமன் மச்சான்?

அவங்க அம்மாவுக்கு நான்தான் விளக்கினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாங்க.

"இன்னாம்மா இது? படிக்க வான்னு கூப்புட்டவன், பணத்தைக் காட்டுனாத்தான் உள்ள வுடுவேன்றானா?"

பேங்குக்குப் போனோம். அவ்வளவு பெரிய கடனுக்கு சொத்து ஈடு கேட்டார்கள். வீடு புறம்போக்கில் இருக்கிறது. பட்டா கிடையாது. உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனோம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் பெயரிலேயே 'இந்தியாவில் படிப்பதற்கு' என்று இருக்கிறது. தேசிய வெளிநாட்டு உதவித்தொகை வெளிநாட்டில் போய்ப் படிப்பதற்கு. இவள் படிப்பு பாதி இங்கே, பாதி அங்கே. "உங்க கோர்ஸ் எதுலயும் வராதும்மா" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கட்டத்தில் பொருந்தாததை எடுத்து வைப்பது மாதிரி, கோப்பைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார்.

அன்றைக்கு ராத்திரி ஒப்பந்தத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். நாற்பது பக்கத்துக்கு மேல். கிரெடிட்டுக்கு மாற்று விகிதம் இருந்தது. மதிப்பெண்ணுக்குச் சூத்திரம் இருந்தது. முத்திரை இடது பக்கமா வலது பக்கமா என்பதற்குக்கூட ஒரு பத்தி. செலவு பற்றி ஒரே ஒரு வரி: 'பயணம், தங்குமிடம், விசா செலவுகள் மாணவரைச் சார்ந்தவை.' அந்த வரியை அடித்ததும் நான்தான். அடிக்கும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இந்த இடத்தில் பாபாசாகேப் ஞாபகத்துக்கு வருகிறார். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போனார். 1916இல் லண்டனுக்குப் போனார். இரண்டு நாட்டில் படித்தவர். ஆனால் அவருக்காக இரண்டு பல்கலைக்கழகமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போடவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். அப்போது லண்டன் பல்கலைக்கழகம் ஒன்று செய்தது. நான்கு வருஷத்துக்குள் வந்து தொடரலாம் என்று அனுமதி கொடுத்தது. பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். 1920இல் திரும்பிப் போனார். 1923இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். அந்தக் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

நான் எங்கள் அதிகாரியிடம் போய்க் கேட்டேன். இவள் இடத்தை ஒரு வருஷம் வைத்திருக்க முடியுமா? பல்கலைக்கழகமே உதவித்தொகைக் கடிதம் கொடுக்க முடியுமா? அவர் நல்ல மனுஷன்தான். "இதுக்கு ஒப்பந்தத்துல இடமில்லம்மா. அடுத்த தடவ புதுப்பிக்கும்போது பாக்கலாம்" என்றார். இடையில் வெளியேறுகிறவர்களுக்கு விதியில் வழி இருக்கிறது. வாங்கிய கிரெடிட் வீண் போகாது. மீதியை இங்கேயே படித்து, இங்கத்திப் பட்டத்தோடு போகலாம். அப்படித்தான் போனாள். ஒரே முத்திரை.

வெளியேறும் படிவத்தில் 'விலகியதற்கான காரணம்' என்று ஒரு கட்டம். நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "எல்லாருக்கும் சொந்தக் காரணம்னுதான் போடுவோம். போடுங்க" என்றார்கள். போட்டேன். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வேலையை நான் விட்டு வந்துவிட்டேன். அந்த வார்த்தை அங்கேயே இருக்கிறது. நாளைக்கு யாராவது ஆய்வு செய்ய வந்தால், அந்த மாணவி தன் சொந்தக் காரணத்தால் போகவில்லை என்றுதான் கணக்கு எடுப்பார்கள். அந்தக் கணக்கை வைத்து, 'இவங்களுக்கு வாய்ப்புக் கொடுத்தாலும் வர மாட்டேங்கறாங்க' என்று கட்டுரை எழுதுவார்கள்.

இணைப் பட்டப்படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்ம பிள்ளைகளுக்கு உலகம் வேண்டும். ஆனால் கையெழுத்துப் போடும் முன்னாலேயே இதையெல்லாம் கேட்க வேண்டும். விசாவுக்குக் காட்டுகிற பணத்துக்கு யார் பொறுப்பு? இடஒதுக்கீடு முதல் வருஷத்தோடு நின்றுவிடுமா, விமானம் ஏறுகிற வரைக்கும் வருமா? பணம் இல்லாமல் நிற்கிறவளுக்கு இடம் எத்தனை வருஷம் காத்திருக்கும்? கிரெடிட்டுக்கு விகிதம் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, களைக் கூலிக்கும் யூரோவுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தைத் தாண்ட ஒரு வழி எழுதத் தெரியாதா?

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களே, இப்படிப்பட்ட அலுவலகங்களில் வேலை பார்க்கிற தோழர்களே, உங்கள் பக்கத்து அலமாரியில் இருக்கிற கோப்புகளைத் திறந்து அந்தக் கட்டத்தைப் பாருங்கள். எத்தனை பேருக்குச் 'சொந்தக் காரணம்' என்று எண்ணுங்கள்.

என் கணக்கை நான் இங்கே திருத்திக்கொள்கிறேன். அந்தக் கோப்பில் இருக்க வேண்டியது இதுதான்: அவள் விலகவில்லை. 11,904 யூரோ காட்ட முடியாததால் நாங்கள் அவளை அனுப்பவில்லை.